லக்சம்பேர்க்கை விடப் பெரிய முல்லைத்தீவு: உங்களை ஆள்வது யாரென்று தெரியுமா?

ஐரோப்பாவில் லக்சம்பேர்க் என்றொரு நாடு. அதற்குக் கோமகன் உண்டு, பிரதமர் உண்டு, பாராளுமன்றம் உண்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆசனமும் உண்டு. பரப்பளவு 2,586 சதுர கிலோமீற்றர். நம்முடைய முல்லைத்தீவு மாவட்டம் எவ்வளவு தெரியுமா? 2,617 சதுர கிலோமீற்றர்! அங்கே ஒரு நாட்டின் முழு அரசாங்கம். இங்கே ஓர் அரசாங்க அதிபர், ஆறு பிரதேச செயலாளர்கள், 136 கிராம அலுவலர் பிரிவுகள். மாங்குளத்தில் பஸ் ஏறி முல்லைத்தீவுக் கடற்கரையில் இறங்குகிறவர் ஓர் ஐரோப்பிய நாட்டைக் குறுக்கே கடந்த கணக்கு. பயணச்சீட்டோடு சரி, கடவுச்சீட்டு யாரும் கேட்கவில்லை.

வவுனியா மாவட்டம் 1,967 சதுர கிலோமீற்றர். மொரீசியஸ் நாட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிளிநொச்சி 1,279, பஹ்ரெய்ன் அதற்குள் அடங்கிவிடும். பசிபிக் கடலில் நவூரு என்ற நாட்டுக்கு ஜனாதிபதி இருக்கிறார், அவர் ஆளும் நிலமோ வெறும் 21 சதுர கிலோமீற்றர். ஆனால் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு என்று வந்தால் நவூருவுக்கும் ஒரு வாக்கு, சீனாவுக்கும் ஒரு வாக்கு. மொத்தம் 193 உறுப்பு நாடுகள், 193 வாக்குகள்.

ஆள்தொகையைப் பார்த்தால் ஆச்சரியம் தலைகீழாகும். லக்சம்பேர்க்கில் ஆறு இலட்சத்துக்கு மேல் மக்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவில் ஏறத்தாழ 92,000 பேர்தான். நீர்ப்பரப்பை நீக்கிப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 38 பேர். இலங்கையின் 25 மாவட்டங்களிலும் மிகக் குறைந்த செறிவு அதுதான். ஆக, தலைவர் ஒருவருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு சனம் என்பதற்கு உலகில் எந்த அளவுகோலும் கிடையாது. ஒன்று மட்டும் நிச்சயம். ஒரு கண்டம் முழுவதும் எவருடைய கைக்கும் வந்து நிலைக்கவில்லை!

அவுஸ்திரேலியா இருக்கிறதே என்பீர்கள். கண்டம் முழுவதும் ஒரே நாடாக இருக்கும் ஒரே இடம் அதுதான், உண்மை. 1901 ஜனவரி முதலாம் திகதி ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து அந்த நாடானது. ஆறுக்கும் இன்றும் தனித்தனி முதலமைச்சர், தனித்தனிப் பாராளுமன்றம். அரசரோ லண்டனில் இருக்கிறார். அதே அரசர் இன்னும் 14 நாடுகளுக்கும் அரசர். கனடாவுக்கும் அவர்தான், யமெய்க்காவுக்கும் அவர்தான். பதினைந்து முடியும் பதினைந்து வேறு முடி, ஒன்றின் பேரால் மற்றதில் ஒரு சட்டமும் போட முடியாது. இதைவிட வேடிக்கை பிரான்ஸ். அந்த நாட்டின் ஜனாதிபதியாக யார் வந்தாலும், பக்கத்து மலைநாடான அண்டோராவின் இளவரசர்களில் ஒருவராகவும் ஆகிவிடுகிறார். மன்னராட்சியைக் கவிழ்த்துக் குடியரசான நாட்டின் தலைவர், எல்லைக்கு அப்பால் இளவரசர்!

அந்தாட்டிக்காவுக்குத் தலைவரே இல்லை. ஏழு நாடுகள் அதில் பங்கு கேட்டு நின்றன. 1959 டிசம்பரில் 12 நாடுகள் ஒப்பந்தம் எழுதி அந்த உரிமைக் கோரிக்கைகளை எல்லாம் பனியைப் போலவே உறையவைத்துவிட்டன. தென்னமெரிக்காவில் சிமோன் பொலிவார் ஒரு கட்டத்தில் மகா கொலம்பியா, பெரு, பொலிவியா என்று மூன்றையும் கையில் வைத்திருந்தார். கண்டத்துக்கு மிக அருகில் போன மனிதர் அவர்தான். 1830இல் அவர் கண்ணை மூடும்போது மகா கொலம்பியா துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. ஆபிரிக்க ஒன்றியத்தில் 55 நாடுகள், தலைமைப் பதவி ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவரால் கிரேக்கக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அதிபரை நியமிக்க முடியாது.

சரி, கண்டங்களை விடுவோம். வன்னிக்கு வருவோம், அங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

வன்னி முழுவதற்கும் ஒரே அரசன் என்று யாரும் நீடித்து ஆண்டதில்லை, தெரியுமா? பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்று பற்றுப் பற்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வன்னியனார் இருந்தார். யாழ்ப்பாண அரசன் பலமாக இருந்தால் அவனுக்குத் திறை, போர்த்துக்கேயர் வந்தால் அவர்களுக்கு, ஒல்லாந்தர் வந்தால் அவர்களுக்கு. திறை என்றால் பொன்னல்ல, யானை! காட்டில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்தடிப்பதிலும் வன்னியனார்மார் கெட்டிக்காரர்கள். அந்த இழுபறியில்தான் அவர்களுடைய சுதந்திரமே இருந்தது என்பேன்.

பொறுமையிழந்த ஒல்லாந்தர் 1780களில் படையோடு வன்னிக்குள் இறங்கினார்கள். எதிர்த்து நின்றவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. ஒரு வன்னிச்சி! அவளை அடக்க முடியாமல் பிடித்துக்கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில் அடைத்துவைத்தார்கள். பிறகு தோமஸ் நாகல் என்ற படை அதிகாரியை வன்னியின் நிர்வாகியாக உட்காரவைத்தார்கள். நாகல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதிவைத்துவிட்டுப் போனார். சண்டைக்கு வந்தவர் கணக்கெழுதி முடித்தார்.

அடுத்து வந்தது இன்னும் அதிசயம். 1796இல் ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தபோது, அதை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பனி. கம்பனியின் ஆட்சி எங்கிருந்து நடந்தது? சென்னையிலிருந்து! இரண்டு ஆண்டு காலம் இந்தப் பகுதிக்குச் சென்னைக் கோட்டைதான் தலைநகரம். வரி வாங்க அங்கிருந்தே ஆட்கள் வந்தார்கள். சனம் கொதித்தெழுந்தது. 1798இல் லண்டன் தன் பங்குக்கு ஓர் ஆளுநரை அனுப்பியது, 1802இல் கம்பனியை முழுதாகவே வெளியேற்றியது.

மறு ஆண்டு, 1803 ஓகஸ்ட் 25, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஆங்கிலப் பேரரசு பல கண்டங்களில் கொடி நாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேரரசின் ஒரு கோட்டை, பற்று ஒன்றின் தலைவனிடம் விழுந்தது! ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அதற்கு அடையாளமாக அங்கே ஒரு நடுகல்லையும் நாட்டினார்கள். வென்றவன் தன் பெருமைக்கு நாட்டிய கல், தோற்றவனின் பெயரை ஊருக்குச் சொல்லிக்கொண்டு நின்றது. டிறிபேர்க்கை இன்று யாருக்கு ஞாபகம்? பண்டாரவன்னியனோ வவுனியாவில் கச்சேரிப் பக்கம் சிலையாக நிற்கிறான். வெள்ளைக்காரன் கொண்டுவந்த கச்சேரி நிர்வாகத்துக்குப் பக்கத்திலேயே, அதை எதிர்த்தவன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அநுராதபுரத்தை ஆண்ட ஒருவரைத் தெரியுமா? பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829இல் அரசாங்க அதிபராக வந்தவர், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1867இல் இறக்கும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தார். 1833இல் கோல்புறூக் சீர்திருத்தம் தீவை ஐந்து மாகாணமாக வெட்டியபோது, வட மாகாணத்துக்குள் நுவரகலாவியவும் வந்தது. யாழ்ப்பாணம், மன்னார், வன்னி, அநுராதபுரம் எல்லாம் ஒரே மனிதரின் மேசைக்கு. ‘வடக்கின் ராஜா’ என்றே அவரை அழைத்தார்கள். 1873இல்தான் வட மத்திய மாகாணம் பிரிந்துபோனது. அவ்வளவு பெரிய ராச்சியத்தை டைக் எதைக் கொண்டு ஆண்டார்? குதிரை, தபாற்காரன், அதற்குக் கீழே மணியகாரன், உடையார், விதானை. உண்மையான ஆட்சி கடைசி ஆளிடம்தான் இருந்தது. விதானையார் ‘இல்லை’ என்றால் ராஜாவுக்கும் இல்லை.

அந்த விதானை முறை எப்போது முடிந்தது தெரியுமா? 1963. அதே ஆண்டு மே மாதம், அடிஸ் அபாபாவில் ஆபிரிக்கத் தலைவர்கள் கூடி ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பை உருவாக்கினார்கள். கானாவின் குவாமே நிக்ருமா கண்டம் முழுவதற்கும் ஒரே அரசாங்கம் வேண்டும் என்று வாதாடினார். மற்றத் தலைவர்கள் கைதட்டிவிட்டுத் தங்கள் தங்கள் நாட்டுக்குப் போய்த் தங்கள் தங்கள் கதிரையில் இருந்துகொண்டார்கள். அங்கே ஒரு கண்டத்து அரசாங்கம் பிறக்காமல் போன ஆண்டில், இங்கே பரம்பரை விதானைமார் போய்ப் பரீட்சை எழுதி வந்த கிராம சேவகர்கள் வந்தார்கள். இரண்டில் எது பெரிய புரட்சி என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பெயர் கிராம சேவகர், பிறகு கிராம அலுவலர் என்று மாறியும், வன்னியில் இன்றைக்கும் ‘விதானையாரிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா’ என்றுதான் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதை இளையவர்கள் நம்புவது கஷ்டம். ஒரே தீவில், ஒரே வீதியில், பத்து ஆண்டுகள் இரண்டு நேரம் இருந்தது!

1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று கொழும்பு அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி நேரம் அப்படியே நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை. பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. விளைவு? கிளிநொச்சியில் எட்டு மணி என்றால் வவுனியாவில் எட்டரை. கிளிநொச்சியின் கடிகாரம் சென்னையின் கடிகாரத்தோடு ஒத்துப்போனது, 80 கிலோமீற்றர் தள்ளியிருந்த வவுனியாவோடு ஒத்துப்போகவில்லை.

2002இல் யுத்த நிறுத்த உடன்படிக்கையோடு ஏ9 வீதி திறந்த பிறகு இது உச்சத்துக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுகிறவர் முகமாலையைக் கடந்ததும் மணிக்கூட்டு முள்ளை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேண்டும். ஓமந்தையைக் கடந்ததும் முன்னுக்குத் திருப்ப வேண்டும். விமானம் ஏறாமல், கடல் கடக்காமல், ஒரு பகல் பயணத்தில் இரண்டு தடவை! கலியாண வீட்டுக்கு நேரம் சொன்னால் ‘பழைய நேரமோ, புது நேரமோ?’ என்று கேட்டுத்தான் புறப்பட வேண்டும். சுபமுகூர்த்தம் அரை மணி தவறினால் யார் பொறுப்பு?

நேரம் மட்டுமா இரண்டு? அங்கே தனிப் பொலிஸ், தனி நீதிமன்றம், வைப்பகம், வரி எல்லாம் நடந்தன. அதே நிலத்தில் இலங்கை அரசாங்கத்தின் கச்சேரியும் நடந்தது. அரசாங்க அதிபர் இருந்தார். ஆசிரியருக்கும் ஓய்வூதியருக்கும் கொழும்புப் பணம் வந்தது. பிள்ளைகள் கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாளுக்கே விடை எழுதினார்கள். ஒரு குடும்பத்தின் காணிப் பிணக்கு ஓர் அரசின் நீதிமன்றத்தில், அதே குடும்பத்தின் நிவாரணக் காட் மற்ற அரசின் கச்சேரியில். உலகத்து அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர்கள் இறைமை என்பது பிரிக்கமுடியாதது என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பரந்தன் சந்தியில் நின்ற தேங்காய் வியாபாரிக்கு அது எப்படிப் பிரியும் என்று நன்றாகத் தெரியும்.

2006 ஏப்ரலில் கொழும்பு மீண்டும் பழைய நேரத்துக்கே திரும்பியது. கடிகாரங்கள் ஒன்றாயின. நாலே மாதம்! ஓகஸ்டில் சண்டை மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சியை இராணுவம் பிடித்தது. அந்த மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதை ‘தெரியுமா’ என்று கேட்டு எழுத எனக்கு மனமில்லை. அது தெரியாதவர் இந்த ஊரில் இல்லை.

கிளிநொச்சிக்காரர் வன்னிக்கு வாக்களிப்பதில்லை, தெரியுமா? வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு! காரணம் பழையது. கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி நிர்வாக மாவட்டமானது. தேர்தல் எல்லை அதற்கு முன்பே கீறியாயிற்று. முல்லைத்தீவு 1978இலேயே தனி மாவட்டமாகிவிட்டதால் வன்னிக்குள் வந்துவிட்டது. வன்னிக்குள்ளேயே இருக்கும் ஊர் வன்னியின் வாக்கில் இல்லை. கடலோரத்து மன்னார் இருக்கிறது.

எல்லைகளின் விளையாட்டு இதோடு முடியவில்லை. ஆனையிறவுக்கு அங்கால், குடாநாட்டுக்குள் இருக்கும் பளை, கிளிநொச்சி மாவட்டம். வவுனிக்குளம் வவுனியாவில் இல்லை, முல்லைத்தீவில். கிளிநொச்சி நகரத்துக்கும் முல்லைத்தீவு நகரத்துக்கும் நகரசபையே கிடையாது! இரண்டு மாவட்டத் தலைநகரங்களும் பிரதேச சபைகளின் கீழ், ஒன்று கரைச்சி, மற்றது கரைதுறைப்பற்று. வவுனியாவுக்குத்தான் நகரசபை இருந்தது, அதுவும் இப்போது மாநகர சபையாகிவிட்டது.

ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். வீதியில் இருக்கும் குழி. மாரி மழையில் மோட்டார் சைக்கிள் அதற்குள் விழுந்து எழும்புகிறது. யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? அது ஏ35, அதாவது பரந்தன் முல்லைத்தீவு வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை, கொழும்பின் கீழ். சி, டி தர வீதி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உங்கள் வீட்டு ஒழுங்கை என்றால் பிரதேச சபை. மூன்றும் ஒரே சந்தியில் சந்திக்கலாம். அப்போது மூன்று குழிகளுக்கு மூன்று அரசாங்கம்! பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென்று நினைத்து இரண்டு தரம் அலைந்தவர்கள் எத்தனை பேர்? சபை நீங்கள் வாக்குப்போட்டு வருவது, தெருவிளக்கு, வாய்க்கால், சந்தை அதன் பாடு. செயலகம் பொது நிர்வாக அமைச்சின் கீழ், காணி அனுமதிப்பத்திரம், வதிவிடச் சான்றிதழுக்கு மேலொப்பம், உதவிப்பணம் எல்லாம் அங்கே.

குளமும் அப்படித்தான். நதி இரண்டு மாகாணத்தில் ஓடினால் குளம் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. மாகாணத்துக்குள்ளேயே ஓடினால் மாகாணத்துக்கு. ஊர்ச் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தோன்றி வடக்கு மாகாணத்துக்குள்ளேயே ஓடிக் கடனீரேரியில் விழுவதால், அதை மறித்துக் கட்டிய இரணைமடு மாகாணத்தின் பிள்ளை. வடக்கின் மிகப் பெரிய குளம்; 1902இல் வேலை தொடங்கி முடிய ஏறத்தாழ இருபது ஆண்டு எடுத்தது. அதை நம்பி 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது, அதன் பிறகுதான் நகரமே வந்தது.

ஆட்சி என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்க ஆசையா? சிறுபோகத்துக்கு முந்தைய பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தலைமை அரசாங்க அதிபர். பக்கத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் மட்டத்தை அடிக்கணக்கில் வாசிப்பார். எதிரே கமக்கார அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், கையில் கொப்பி. காலபோகத்தில் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் தண்ணீர் சிறுபோகத்துக்கு எல்லாருக்கும் காணாது. எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர், ஒருவருக்கு என்ன பங்கு, துருசு திறக்கும் திகதி எது, கடைசித் தண்ணீர் என்றைக்கு, மாட்டைக் கட்டிவைக்க வேண்டிய நாள் எது எல்லாம் அங்கே தீரும்.

“ஜீ.ஏ. ஐயா, போன முறையும் எங்கட வாலுக்குத் தண்ணி வரேல்லை. மேல இருக்கிறவை மறிச்சுப்போட்டினம்” என்று ஒருவர் எழும்புவார்.

“அண்ணை, நீங்கள் பங்கை மீறி விதைச்சதையும் சேர்த்துச் சொல்லுங்கோ” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும்.

மண்டபம் சிரிக்கும். அரசாங்க அதிபரும் சிரிப்பார். பிறகு முடிவு எழுதப்படும், அந்த முடிவுக்குச் சட்ட வலு உண்டு, மீறினால் வழக்கு. ஜனாதிபதியே வந்தாலும் அந்தத் திகதியைத் தனியாக மாற்றிவிட்டுப் போக முடியாது என்றுதான் விவசாயி நம்புகிறான். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் பெரும் நிதியோடு வந்தும், கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக்கொள்ளாததால் இழுபட்டுப்போனது தெரிந்ததே. யாழ்ப்பாணத்தின் தாகம் பொய்யல்ல, கிளிநொச்சியின் பயமும் பொய்யல்ல. ஆனால் யார் சம்மதிக்க வேண்டும் என்பதில் மட்டும் கடைசிவரை சந்தேகம் இருக்கவில்லை.

ஐந்து நாட்களில் ஒரு மாகாண சபையின் அதிகாரம் சுருங்கிய கதை தெரியுமா? 2013 செப்டெம்பர் 21. வடக்கு மாகாண சபைக்கு வரலாற்றில் முதல் தேர்தல். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர். பட்டாசுச் சத்தம் ஓயவில்லை. செப்டெம்பர் 26ஆம் திகதி, மலையகத்துத் தோட்டக் காணி வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரச காணியின் மீதான அதிகாரம் மத்திய அரசுக்கே. வன்னியில் நிலத்தின் பெரும் பகுதி அரச காணி. காடு வன இலாகாவுக்கு, வெலிஓயாப் பக்கம் மகாவலி அதிகாரசபைக்கு. காணி இல்லாத மாகாண சபை வன்னியில் எதை ஆளும்? 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் எழுதிக்கொடுத்த பொலிஸ் அதிகாரமும் இன்றுவரை கைக்கு வரவில்லை. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் நடத்துகிறார். தெரிவான சபை இருந்தது ஐந்து ஆண்டு, இல்லாமல் இருப்பது அதைவிடக் கூட! எந்தக் கட்சி அரசாங்கம் வந்தாலும் இந்தக் கணக்கில் வெட்கப்படத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டின் தலைவர் தன் நாட்டின் எல்லைக்கு அப்பால் ஒரு சாண் நிலத்தையும் ஆள முடியாது. கண்டாவளையில் ஒரு விவசாயியின் இரண்டு ஏக்கர் வயலுக்கோ அவருடைய கையொப்பம் வேண்டும்! 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் பிரதேச செயலாளர் தருவது அனுமதிப்பத்திரம். நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு வருவது அளிப்புப் பத்திரம். ஜெயபூமி, சுவர்ணபூமி என்று அரசாங்கத்துக்கு அரசாங்கம் பெயர் மாறும், ஜனாதிபதியின் கையொப்பத்தோடுதான் அது வரும். அதனால்தான் வன்னி வீடுகளில் உறுதிப்பெட்டியைத் திறந்தால் இரண்டு மூன்று ஜனாதிபதிகளின் கையெழுத்தைப் பார்க்கலாம். அந்தப் பத்திரத்துக்கான விண்ணப்பம் எங்கிருந்து புறப்படுகிறது? விதானையாரின் மேசையிலிருந்து.

இப்படி அடுக்கடுக்காக ஆள்கிறவர்களில் எவரை நீங்கள் தெரிவு செய்கிறீர்கள், எவர் உங்களுக்கு அனுப்பப்படுகிறார் என்பதை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். உள்ளூராட்சி சபை, பாராளுமன்றம், ஜனாதிபதி: இவ்வளவுதான் இப்போது உங்கள் வாக்கு. பாராளுமன்றத்தில் உங்கள் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பதிவு செய்த வாக்காளரின் தொகையைப் பார்த்துப் பங்கிடப்படுகிறது. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. யுத்தமும் புலம்பெயர்வும் பாதிக் காரணம், பதியாமல் விட்ட பெயர்கள் மீதிக் காரணம் என்பது என் கணக்கு. ஆகவே வாக்காளர் இடாப்புத் திருத்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது ‘பிறகு பார்ப்பம்’ என்று மேசைக்குள் வைக்காதீர்கள். பதினெட்டு வயதான பிள்ளையின் பெயரையும் எழுதிக் கிராம அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள்.